தள்ளப்பட்ட எழுபத்தொரு வரிகள்

“ஃபார்ம் சரியா எழுதல சார், அதான் தள்ளிடுச்சு” என்று அப்துல் ஹை சொன்னான். 1985 ஏப்ரல் மாதம், மவுண்ட் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கம்ப்யூட்டர் இருந்த குளிர் அறைக்குள் நின்றுகொண்டு சொன்னான். யோசித்துச் சொன்னதல்ல. மேலாளர் கேட்டார், வாயில் வந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தூங்காமல் கிடக்கப்போகிறோம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

அவன் பழவேற்காட்டுக்காரன். தகப்பனார் முகம்மது இஸ்மாயிலுக்குக் கடைத்தெருவில் நைலான் நூலும் மிதவைக் கட்டைகளும் விற்கும் கடை. அப்துல் ஹை பொன்னேரி வழியாக பஸ் பிடித்துப் போய் சென்னையில் கணிதம் படித்தான். பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டர் படிப்பு. அதன் பிறகு இந்தத் தனியார் மையத்தில் புரோகிராம் எழுதும் வேலை. அவன் என்ன வேலை செய்கிறான் என்பது ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அதில் பெருமை இருந்தது.

முந்தைய நவம்பரில் அடித்த புயலில் ஏரிக்கரைக் குப்பங்களிலும் கடற்கரைக் குப்பங்களிலும் குடிசைகள் மிச்சமில்லாமல் போயின. ஒரு தொண்டு நிறுவனம் கான்கிரீட் கூரை போட்ட வீடுகள் கட்டித்தர வந்தது. பதினொரு குப்பங்களில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் படிவங்களை எழுதி வாங்கினார்கள். அவற்றைப் பட்டியலாக்கும் வேலை அப்துல் ஹையின் மையத்துக்கு வந்தது. “உங்க ஊர்ப்பக்கம்தானேப்பா, நீயே பாரு” என்று மேலாளர் தருமலிங்கம் அவனிடம் கொடுத்தார்.

படிவங்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருந்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. படிவ எண், பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், ஊர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி. ஆனால் பதினொரு ஊரில் பதினொரு பேர் எழுதிய படிவங்கள். ஒருவர் இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்திருந்தார், ஒருவர் வைக்கவில்லை. ஒருவர் பெயருக்கு நடுவில் நாலு இடம் விட்டிருந்தார். இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஏதேதோ எழுதியிருந்தார். எல்லாவற்றையும் ஒரே சீராக்க வேண்டும். தப்பாக உள்ளதைத் தனியே பிரிக்க வேண்டும்.

அந்த மெஷினில் இதற்கென்று ஒரு வசதி இருந்தது. இன்ன எழுத்து என்று சொல்லித் தேட வேண்டியதில்லை, இன்ன மாதிரி எழுத்து என்று சொன்னால் போதும். ஒரு புள்ளி வைத்தால் எந்த எழுத்தானாலும் சரி என்று அர்த்தம். புள்ளிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டால் அப்படிப்பட்ட எழுத்து எத்தனை இருந்தாலும் சரி. இரண்டு மூன்று குறிகளில் ஆயிரம் விதமான வரிகளை அடக்கிவிடலாம். அப்துல் ஹைக்கு அதன்மேல் ஒரு மயக்கமே இருந்தது.

முதல் வேலையாக அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் நீக்க ஒரு வரி எழுதினான். திறக்கும் குறி, புள்ளி, நட்சத்திரம், மூடும் குறி. இந்த மாதிரி எங்கே இருந்தாலும் அழித்துவிடு. அடுத்து, கூடுதல் இடைவெளிகளைச் சுருக்கினான். கடைசியாக, ஒவ்வொரு வரியிலும் பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாத வரியைத் தள்ளச் சொன்னான். சோதித்துப் பார்க்க இருபது வரிகளைத் தானே எழுதினான். பஷீர், மெஹருன்னிசா என்று தன் தெருவிலுள்ளவர்களின் பெயர்கள். அதில் ஒரே ஒரு வரியில்தான் அடைப்புக்குறி இருந்தது. அது ஒழுங்காக அழிந்தது.

மொத்தப் படிவங்களையும் ஓட்டியபோது நூற்றுப் பன்னிரண்டு வரிகள் தள்ளப்பட்டு வந்தன. தருமலிங்கம் அந்தத் தாளைக் கையில் எடுத்து, “இதெல்லாம் என்ன?” என்று கேட்டார். அப்துல் ஹை மேலேயிருந்து மூன்று வரிகளைப் பார்த்தான். மூன்றிலும் நிஜமாகவே கணவர் பெயர் எழுதப்படவில்லை. நாலாவது வரியை அவன் பார்க்கவில்லை. அப்போதுதான் ஃபார்ம் சரியில்லை என்று சொன்னான்.

தருமலிங்கம் அதையே நல்ல ஆங்கிலத்தில் கடிதமாக எழுதி, பட்டியலோடு அனுப்பினார். முறையாகப் பூர்த்தி செய்யப்படாத நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் நிராகரிக்கப்பட்டன என்று அதில் இருந்தது.

ஜூன் மாதம் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போனான். பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் முனியம்மா இறால் கூடையோடு வந்தாள். அவள் கோட்டைக்குப்பத்துக்காரி. பத்து வருடமாக அவன் தாயார் மரியம் பீவிக்கு வாடிக்கையாக மீன் கொடுப்பவள். கூடையை இறக்கிவைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“இன்னா தம்பி, நல்லாக்கீறியா?”

“நல்லா இருக்கேன்க்கா.”

“உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். வூட்டு லிஸ்ட்டு நீதான் மிசின்ல போட்டியாமே?”

“ஆமாக்கா.”

“அதுல எம்பேரு இல்ல தம்பி. எங்க குப்பத்துல எழுவது பேருக்கு மேல பேரு வரல. ஃபார்ம் தப்பா எழுதிக்கீதுன்னு சொல்லிட்டாங்க. எல்லாம் அந்த பூபதி பண்ண வேல.”

பூபதியை அப்துல் ஹைக்குத் தெரியும். பத்தாம் வகுப்புவரை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். தாமோதரன் மகள். கோட்டைக்குப்பத்தில் பால்வாடி நடத்திக்கொண்டிருந்தாள். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவளிடம்தான் போவார்கள். அந்தக் குப்பத்தின் வீட்டுப் படிவங்களை எழுதியதும் அவள்தான்.

“பூபதி தப்பா எழுதுற பொண்ணு இல்லியே” என்று சொன்னது மரியம் பீவி.

“அப்டிதான்மா நானும் நென்ச்சேன். ஆனா அவுங்க வூட்டு ஃபார்ம் மட்டும் பாஸாயிட்ச்சே. தாமோதரன் பேரு லிஸ்ட்டுல முன்னாடியே நிக்குது. எழுதசொல்ல இன்னா பேச்சு பேசிச்சு தெரியுமா? ‘அக்கா, நம்ம ஊர்ல ரெண்டு முனியம்மா இருக்கீங்க, ரெண்டு பேரு வூட்டுக்காரரும் சின்னதம்பி, நாளிக்கி ஒருத்தர் வூட்ட இன்னொருத்தருக்குக் குடுத்துட்டா இன்னா பண்றது’ன்னு, எம்பேரு பக்கத்துல கோடு வளச்சிப் போட்டு பெரியனு எழுதிச்சு. அவரு பேருக்குப் பக்கத்துல திரும்பக் கோடு வளச்சி கெணத்தடினு எழுதிச்சு. அவ்ளோ பதனமா எழுதுறவ தப்பா எழுதுவாளா? வேணுமுன்னே எழுதினதுதான்.”

 அப்துல் ஹையின் கண்முன்னால் அந்த வரி வந்து நின்றது. முனியம்மா, அடைப்புக்குறிக்குள் பெரிய. காற்புள்ளி. சின்னதம்பி, அடைப்புக்குறிக்குள் கிணத்தடி. முதல் அடைப்புக்குறி திறந்த இடத்திலிருந்து புள்ளியும் நட்சத்திரமும் எதுவரை போகும்? முதல் மூடும் குறியோடு அது நிற்காது. எத்தனை எழுத்தானாலும் சரி என்றுதானே சொல்லியிருக்கிறான். வரியில் கடைசியாக வரும் மூடும் குறிவரை போகும். நடுவில் இருக்கும் சின்னதம்பியையும் சேர்த்து அழிக்கும். பிறகு கணவர் பெயர் இல்லை என்று தள்ளும்.

“நீ கொஞ்சம் பாரு தம்பி” என்றாள் முனியம்மா. “உனுக்குத் தெரியாததா.”

“பாக்கறேன்க்கா.”

மறுநாள் பெருநாள் தொழுகையில் நிற்கும்போதும் அந்த வரிதான் அவன் தலைக்குள் ஓடியது. பக்கத்தில் நின்றவர் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னபோது ஒரு கணம் தாமதமாகத்தான் சிரித்தான்.

திங்கட்கிழமை சென்னைக்குப் போய், தள்ளப்பட்ட வரிகள் இருந்த தாளை எடுத்து, முதலில் ஏற்றிய வரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தான். நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்று நிஜமாகவே குறையான படிவங்கள். மீதி எழுபத்தொன்றும் கோட்டைக்குப்பம். எழுபத்தொன்றிலும் இரண்டு அடைப்புக்குறிகள். ஒரே பெயர் பலருக்கு இருந்தால் பூபதி அடையாளம் எழுதியிருந்தாள். தெற்குத்தெரு, கிணத்தடி, பெரிய, சின்ன, நெட்டை. ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் உடையவர்களுக்கு அடையாளம் தேவைப்படவில்லை. தாமோதரன் என்று அந்தக் குப்பத்தில் ஒரே ஆள்தான்.

புள்ளி இருந்த இடத்தில், மூடும் குறியைத் தவிர வேறு எந்த எழுத்தானாலும் என்று மாற்றினான். மூன்று எழுத்து கூடுதலாகத் தட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மறுபடி ஓட்டினான். எழுபத்தொரு வரிகளும் தள்ளப்படாமல் போயின. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அன்றைக்கே தருமலிங்கத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில், தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் எப்படியும் தள்ளிய படிவங்களைக் கையால் சரிபார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டான். பிறகு, மனு கொடுத்தால் அவர்களே சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் கடிதம் எழுதி, இரண்டு முறை படித்து, கிழித்துப் போட்டான். கிழித்ததைக்கூட அலுவலகக் கூடையில் போடாமல் தெருவில் கொண்டுபோய்ப் போட்டான்.

ஜூலையில் ஊருக்குப் போனபோது கோட்டைக்குப்பம் பக்கம் போகாமலே திரும்பினான். ஆனால் பஸ் நிற்கும் இடத்தில் பூபதி நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். கையில் பால்வாடிப் பதிவேடுகள்.

“ஹை, உன்னையே பாக்கணும்னு இருந்தேன்” என்றாள். “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் எழுதினதுல இன்னா தப்பு? தப்பு இருந்தா திருத்திக்கிறேன். இன்னா தப்புனே யாரும் சொல்ல மாட்டேன்றாங்க.”

“நான்... பாத்துட்டு சொல்றேன் பூபதி.”

“பால்வாடிக்கு இப்ப பாதி புள்ளைங்கதான் வருது. எங்க நைனா கூட்டத்துல வாயத் தொறந்தா, ‘உம் பொண்ண எழுதச் சொல்லு போ’ன்றாங்க. எங்க வூட்டுக்குக் கடக்கால் தோண்டிட்டாங்க. அந்தக் குழியப் பாக்கவே எனக்கு அசிங்கமா இருக்கு.”

பஸ் வந்தது. அவன் ஏறிக்கொண்டான். அவள் கீழே நின்று, “மறந்துடாத” என்றாள். தள்ளப்பட்ட வரிகள் இருந்த தாள் அப்போதும் அவன் பைக்குள்தான் இருந்தது. பொன்னேரி வரைக்கும் அவன் தலையை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தான். பாத்துட்டு சொல்றேன் என்றது ஏப்ரலில் சொன்னதைவிட மோசம் என்று அவனுக்குப் பட்டது. அப்போது தெரியாமல் சொன்னான். இப்போது தெரிந்தே சொல்லியிருக்கிறான்.

ஆகஸ்ட் கடைசி வாரம் தருமலிங்கத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கெட்டிக்கார மனுஷர், அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

“நீ டெஸ்ட் பண்ணலையா?”

“பண்ணேன் சார். ரெண்டு அடைப்புக்குறி வர்ற வரி ஒண்ணுகூட வைக்கல.”

“நான்தான் அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டேன்” என்றார் தருமலிங்கம். தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். “தள்ளினதைக் கையால செக் பண்ண வேண்டியது அவங்க பொறுப்பு. ஒப்பந்தத்துல இருக்கு. நாம எழுத்துல எதுவும் கொடுக்க வேண்டாம் ஹை. வாயால வேணா சொல்லிப் பார்க்கிறேன்.”

“அந்தப் பொண்ணு மேல பழி விழுந்திருக்கு சார்.”

“எனக்குப் புரியுது. நம்ம லெட்டர்ஹெட்ல தர முடியாதுன்றேன்.”

அவர் சொன்னதில் அவன் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. இரண்டு நாள் ஒளிந்துகொண்டும் பார்த்தான். சனிக்கிழமை ஊருக்குப் போய், நேரே கோட்டைக்குப்பத்துக்கு நடந்தான்.

பால்வாடியில் பூபதி மட்டும் இருந்தாள். குழந்தைகள் போய்விட்டிருந்தன. அவன் நின்றபடியே, “தப்பு உன்னுது இல்ல, என்னுது” என்றான். பிறகு அவள் சிலேட்டை வாங்கி முனியம்மாவின் வரியை எழுதிக் காட்டினான். முதல் குறியிலிருந்து கடைசிக் குறிவரை விரலால் அழித்தான். சின்னதம்பியும் அதோடு போனான்.

பூபதி சிலேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இது எப்போ தெரியும் உனக்கு?”

“ஜூன்ல.”

“பஸ் ஸ்டாப்புல கேட்டேனே. அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

 அவள் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப சரி பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன். எல்லாம் பாஸாவுது.”

“அடையாளத்த எடுத்துட்டுதானே பாஸாவுது? அப்போ லிஸ்ட்டுல ரெண்டு முனியம்மாவும் ஒண்ணாட்டம்தானே நிப்பாங்க? எது யார் வூடு?”

அதை அவன் யோசித்திருக்கவில்லை. படிவ எண் வேறு வேறாக இருக்கும் என்று இழுத்தான்.

“முனியம்மாக்காவுக்குப் படிவ நம்பர் தெரியுமா?” என்றாள் பூபதி. “அடையாளத்த எடுக்காத. அது எழுதினதே எடுக்கறதுக்கா? நாளிக்கி ஊர்க்கூட்டம் இருக்கு. இப்ப எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

அன்று வீட்டுக்குப் போய்த் தகப்பனாரிடம் விஷயத்தைச் சொன்னான். முகம்மது இஸ்மாயில் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். அவர் வியாபாரமே அந்தக் குப்பங்களை நம்பித்தான். “நீ போகலேன்னா நான் போய்ச் சொல்ல வேண்டி வரும்” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மன் கோயில் முன்னால் கூட்டம். ஊர்ப் பெரியவர் சம்பந்தம் அவனைப் பேசச் சொன்னார். வேப்பமரத்தடியில் ஆண்களும் கொஞ்சம் தள்ளிப் பெண்களுமாக நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். புள்ளி, நட்சத்திரம் எல்லாம் அங்கே எடுபடாது என்று அவனுக்குத் தெரிந்தது.

“பூபதி எழுதின ஃபார்ம் எல்லாம் சரி” என்றான். “நான் மெஷினுக்குக் குடுத்த உத்தரவுதான் தப்பு. அது உங்க புருஷன் பேரையும் அப்பா பேரையும் அழிச்சிடுச்சு. அழிச்சுட்டு, பேர் இல்லன்னு தள்ளிடுச்சு. நான் பாக்காம ஃபார்ம் தப்புன்னு சொல்லிட்டேன். ரெண்டு மாசமா எனக்கு இது தெரியும். இன்னைக்குத்தான் சொல்றேன்.”

 அடிக்க வருவார்கள் என்று நினைத்து வந்திருந்தான். அப்படி யாராவது வந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முனியம்மாவின் கணவர் சின்னதம்பி எழுந்து, “அப்போ வூடு?” என்றார்.

“எழுதிப் போடறேன். கிடைக்குமான்னு தெரியல.”

“பாய் வூட்டுப் புள்ள நேரா வந்து சொல்லிக்கீது” என்றார் சம்பந்தம். “மத்தத அப்பறம் பேசலாம்.” கூட்டம் கலைந்தது. பூபதியிடம் யாரும் போய் எதுவும் சொல்லவில்லை. தாமோதரன் மட்டும் மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அப்துல் ஹை எழுபத்தொரு வரிகளையும் அடையாளங்களோடு தன் கையால் எழுதி, தன் பெயரிலேயே கடிதம் வைத்துத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினான். தருமலிங்கத்துக்கு விஷயம் தெரிந்தது. அவனை வேலையை விட்டு நீக்கவில்லை, ஆனால் அதன் பிறகு முக்கியமான வேலை எதையும் அவனிடம் கொடுக்கவில்லை. அக்டோபரில் தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து கோட்டைக்குப்பத்தைச் சுற்றிப் பார்த்தார். மிச்சமிருந்த வீடுகளைச் சுண்ணாம்புக்குளத்துக்கும் தோணிரேவுக்கும் ஒதுக்கியாகிவிட்டது, அங்கே சுவரும் எழும்பிவிட்டது என்றார். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. எழுபத்தொரு குடும்பங்கள் மறுபடியும் ஓலைக்குக் கீழேயே கிடந்தன. சென்னையில் மழை பெய்யும்போதெல்லாம் அப்துல் ஹை விடுதி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த கட்டம் வர 1987 ஆயிற்று. ஐம்பத்து நாலு வீடுகள் வந்தன. அந்தப் பட்டியலில் ‘முனியம்மா (பெரிய), சின்னதம்பி (கிணத்தடி)’ என்று முழுதாக இருந்தது. ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மழையில் குடிசை மறுபடி சரிந்த பிறகு அவர்கள் காசிமேட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அப்துல் ஹை காசிமேட்டுக்குத் தேடிப் போனான். மீன் ஏலம் முடிந்து கூட்டம் குறைந்திருந்தது. முனியம்மா ஒரு கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவனை அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வீடு வந்திருப்பதைச் சொன்னான்.

“இப்ப இன்னா தம்பி பண்றது” என்றாள். “அவரு இங்க லாஞ்சில மீன் புடிக்கப் போறாரு. பேரப்புள்ளைங்க இங்கியே பள்ளிக்கூடம் போவுது. வேற யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லு.”

“மன்னிச்சுக்கோக்கா.”

“அதான் அன்னிக்கே சொல்லிட்டியே.” அவள் கூடையின் மேலிருந்த ஈரச்சாக்கைச் சரிசெய்தாள். “பூபதி எப்டிக்கீது? அந்தப் பொண்ண நான் இன்னான்னாவோ பேசிட்டேன் தம்பி. கொழாயாண்ட எல்லாரும் பாக்கசொல்ல பேசினேன். அது பதில் பேசவேயில்ல. பாத்தீன்னா சொல்லு, அக்கா வருத்தப்பட்டாங்கன்னு.”

அடுத்த முறை ஊருக்குப் போனபோது பால்வாடிக்குப் போனான். இப்போது குழந்தைகள் நிறைய இருந்தன. ஊர்க்காரர்கள் மனு எழுத மறுபடி வந்துகொண்டிருந்தார்கள், ஆனால் பூபதி யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். முனியம்மா சொன்னதைச் சொன்னான்.

“அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல” என்றாள் பூபதி. “அவங்களுக்குத் தெரியாது, பேசினாங்க. உனக்குத் தெரியும் ஹை. அந்த பஸ் ஸ்டாப்புல உனக்குத் தெரியும்.”

அவன் தலையாட்டினான். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றான். உள்ளே ஒரு குழந்தை தட்டைத் தட்டியது. அவள் கோதுமை உப்புமா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழந்தைகள் பக்கம் போனாள். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பரிமாறத் தொடங்கினாள். அப்துல் ஹை வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவைப் பார்த்து நடந்தான்.